எண்ணும் நாட்களில் தேநீர்

என் மனைவி இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரத்தில், அவளுடைய கடைசிக் கட்டுரை பற்றிய பதில் ஆய்வுச் சஞ்சிகையிலிருந்து வந்தது. மின்னஞ்சல் அவளை விளித்தே தொடங்கியிருந்தது. கட்டுரையாளர் எல்லோருக்கும் பிரதி அனுப்புவது வழக்கமாதலால் எனக்கும் வந்தது. அவர்கள் கேட்டிருந்த திருத்தங்களைச் செய்து அனுப்பினால் மீண்டும் பரிசீலிப்பதாகவும், குறித்த தவணைக்குள் அனுப்பாவிட்டால் கட்டுரை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவளுடைய ஆய்வு வெளியீடுகளின் வரிசை இன்றும் இருக்கிறது. பயம் மூளையை என்ன செய்கிறது என்பதே அவள் வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒரே கேள்வி. அந்த வரிசையின் உச்சியில் இந்தக் கட்டுரை நிற்கிறது. எதிரே 'பரிசீலனையில்' என்று எழுதியிருக்கிறது. அவள் போன பிறகு நான் தினமும் காலையில் முதலில் திறந்து பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். அது தானாக மாறாது என்பதை நான் அறிவேன்.

அவள் நரம்பியல், நான் மூலக்கூற்று உயிரியல். எங்கள் கூட்டு வேலையை விளக்குவதற்கு ஒன்றைச் சொன்னால் போதும். பரிசோதனை முடிந்த எலியின் மூளையை நடுவே பிளந்தால் வலப்பாதி எனக்கு, இடப்பாதி அவளுக்கு. நான் என் பாதியை அரைத்து, உயிர்க்கலங்களுக்கு எத்தகைய கட்டளைகள் போய்க்கொண்டிருந்தன என்பதை அதிலுள்ள ஆர்.என்.ஏ.யைக் கொண்டு அளப்பேன். அவள் தன் பாதியை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமிடுவாள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற சிறு வளைவில், வளர்ந்த எலிக்கும் புதிய நரம்புக்கலங்கள் பிறக்கின்றன. சாயத்தில் அவை மட்டும் பழுப்பாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

கடைசிக் கட்டுரை இரண்டு முடிவுகளைச் சொன்னது. நீண்ட நாள் பயத்தில் வாழ்ந்த எலிகளில் இந்தப் புதிய கலங்கள் குறைகின்றன என்பது ஒன்று. அதை வேறு ஆய்வுக்கூடங்களும் கண்டிருக்கின்றன. பயத்தை நிறுத்தி எலிகளை அமைதியாக வாழவிட்டால் அந்தக் கலங்கள் பழைய அளவுக்குத் திரும்புகின்றன என்பது மற்றொன்று. கட்டுரையின் தலைப்பிலேயே 'மீட்சி' என்ற சொல் இருந்தது. அவளுக்குப் பிடித்த முடிவு அதுதான்.

கட்டுரையைப் பரிசீலித்த நடுவர்களில் ஒருவர் அந்த இரண்டாவது முடிவின்மீதே கை வைத்திருந்தார். எண்ணியவர் முதன்மை ஆய்வாளரின் கணவர், அதாவது நான், என்பதைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் நாங்களே எழுதியிருந்தோம். நேர்மையை ஐயுறவில்லை, ஆயினும் தொடர்பில்லாத ஒருவர் மறுபடி எண்ணுவது அவசியம் என்று அவர் எழுதியிருந்தார். அந்த வரியை வாசித்துவிட்டு எழுந்து சன்னலைச் சாத்தினேன். வெளியே குரங்குகள் கூரைத் தகரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அமர்ந்து மறுபடி வாசித்தேன். நடுவர் கேட்டது சரி. அவருடைய இடத்தில் அவள் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகக் கேட்டிருப்பாள்.

மறுபடி எண்ணுவதற்குப் புதிய எலிகள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மூளையிலும் வெட்டிய சீவல்களில் ஒரு பகுதியையே நாங்கள் சாயமிட்டிருந்தோம். மீதி உறைவிப்பானில் இருந்தது. ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது. ஆனால் யாரைக் கேட்பது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

எங்கள் துறையில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருக்கும் ஒரு பெண், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் மனைவியிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் அவருடைய பெயரும் இருந்தது. இரண்டாவது முடிவுக்கு எலிகளின் தொகை போதாது என்று சொல்லித் தன் பெயரை நீக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர்கள் இருவரும் பரீட்சை வினாத்தாள்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். இறுதிச் சடங்கன்று அவர் எங்கள் வீட்டு வாயிற்கதவருகே வெகுநேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமலே போனார்.

அவருடைய அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வேற ஆளே கிடைக்கேல்லையோ, சேர்?"

"கிடைப்பாங்க. ஆனா அவங்க எல்லாருக்கும் மெடத்தைப் பிடிக்கும்."

"எனக்குப் பிடிக்காதெண்டு ஆர் சொன்னது?" என்றார். "எனக்கு அந்த முடிவிலதான் நம்பிக்கையில்லை."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"எண்ணேக்க மாறி வந்தா?"

"மாறி வந்தா அப்படியே எழுதுவோம்."

"இப்ப சொல்லுவியள். எழுதி அனுப்பேக்க பாப்பம்."

எண்ணச் சம்மதித்தார், நிபந்தனைகளும் சொன்னார். எண்ணும் அறைப்பக்கம் நான் வரக்கூடாது. கண்ணாடித் தகடுகளில் எந்த எலி என்று எழுதியிருப்பதை மறைத்துக் குறியீடு ஒட்டும் வேலையை, வழக்கம்போல எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் செய்யட்டும். ஆனால் எண்ணி முடியும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

"தேத்தண்ணி விலக்கும் இருக்கு. அது மெடத்தின்ர சட்டம். நான் மாத்தேல்லை."

அந்தச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். எண்ணும் நாட்களில், எண்ணுகிறவரும் குறியீடு தெரிந்தவரும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பதில்லை. எது எந்த எலி என்று தெரிந்த மனிதர் வாய் திறக்காவிட்டாலும் அவருடைய புருவம் பேசிவிடும், எண்ணுகிறவர் தம்மை அறியாமலே அதற்கு ஏற்ப எண்ணத் தொடங்கிவிடுவார் என்பது அவள் கட்சி. உத்தியோகத்தர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்தே வேலைக்கு வருகிறவர். "மெடம் எங்களைத் தீட்டுக்கு ஒதுக்கி வச்சிட்டாங்கய்யா" என்று சொல்லித் தம் கோப்பையுடன் மாமரத்தடிக்குப் போய்விடுவார். எண்ணி முடித்து, எது எந்த எலி என்று குறியீடு உடைக்கும் நாளில் அவளே கித்துள் கருப்பட்டி வாங்கிவந்து, எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பாள். "முடிவு எப்பிடி வந்தாலும் தேத்தண்ணி ஆறக்குடாது" என்பாள். எங்கள் கருதுகோள் சிதறிப்போன நாட்களிலும் அந்தத் தேநீரைச் சூடாகவே குடித்திருக்கிறோம்.

எண்ணும் வேலை தொடங்கியது. ஓய்வு பெற்ற பின்னும் எனக்கென்று விட்டுவைத்திருந்த சிறிய அறை, அதே தாழ்வாரத்தின் மறு கோடியில் இருந்தது. செய்வதற்கு எனக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆயினும் காலையில் கண்டியிலிருந்து பஸ் ஏறிப் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். விரிவுரையாளர் தாம் எண்ணிய தாளை மாலைதோறும் உத்தியோகத்தரிடம் ஒப்படைப்பார். ஆகவே முடிவு எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்த ஒரே மனிதர் உத்தியோகத்தர்தான். அவர் தாழ்வாரத்தில் நடந்துபோவதை நான் கதவிடுக்கின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சான்று இல்லாமல் எதையும் சொல்லாதே என்று மாணவர்களுக்குக் கற்பித்தவன், ஒரு மனிதர் நடக்கும் நடையில் சகுனம் பார்க்கலானேன். அவர் வேகமாகப் போனால் நல்லது, நின்று சுவரைப் பார்த்தால் கெட்டது. ஒருநாள் என்னைக் கண்டதும் திரும்பி வேறு வழியாகப் போய்விட்டார். என்னோடு பேசக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்று என்னால் மதியச் சோற்றை உண்ண முடியவில்லை.

முன்பெல்லாம் இந்தத் தவிப்பை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பேராதனை வளாகத்திலிருந்து கண்டிக்குத் திரும்பும்போது, "கெட்டம்பே தாண்டினா எலி இல்லை" என்பாள் அவள். அதற்கு அப்பால் மரக்கறி விலையும் தண்ணீர்க் குழாயும்தான் பேச்சு. இப்போது கெட்டம்பே தாண்டியும் எலிகள் என்னோடு வந்தன. சமையலறையில், அரிசி களையும்போது, இரண்டாவது முடிவு பொய்த்துவிட்டால் நடுவர் என்ன நினைப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கணவன் எண்ணும்போது ஏறியது, மற்றவர் எண்ணும்போது ஏறவில்லை என்றால், அவளுடைய பெயருக்கு எதிரே உலகம் எதை எழுதிக்கொள்ளும்? அவளுடைய மற்றக் கட்டுரைகளையும் அந்த ஐயம் போய்த் தொடாதா? அவளுடைய அலுமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. அதைப்பற்றி இங்கே எழுதப்போவதுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் அறைக்குத் திரும்பியபோது, மேசைமேல் வாழையிலையில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே கேசரி. முந்திரிப்பருப்பு தாராளமாகப் போட்ட, நெய் கசியும் கேசரி. யார் வைத்தது என்பதில் ஐயமில்லை, அந்தக் கேசரி உத்தியோகத்தர் வீட்டுக் கைப்பக்குவம். பேச அனுமதியில்லாத மனிதர் இனிப்பின் வழியே பேசியிருக்கிறார் என்று கொண்டேன். முடிவு நமது பக்கம். மகிழ்ச்சி ஒருபுறம், இப்படிச் சட்டத்தை உடைத்துவிட்டாரே என்ற திகில் மறுபுறம். இது தெரியவந்தால் விரிவுரையாளர் அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன்.

"இது சரியில்லைங்க" என்றேன். "நீங்க சொல்லக்கூடாததைச் சொல்லிட்டீங்க."

அவர் எழுந்து நின்று என்னையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பேசலாமா கூடாதா என்று அவருக்கு விளங்கவில்லை போலும். தாழ்வாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்திருச்சுங்க. மக பாஸ். எல்லாருக்குந்தான் குடுத்தேன். உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க, அதான் வச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

நான் ஏதோ வாழ்த்துச் சொன்னேன். மகள் என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டேன். "உயிரியல்ங்க. மெடம்தான் சின்னதுலயே எலியைக் காட்டிக் கெடுத்துட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"ஐயா ரொம்ப இளைச்சிட்டீங்க. ஒரே ஒரு வார்த்தைதாங்க. சொல்லிரவா?"

அந்தக் கணத்தில் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எண்ணுகிறவன் நானல்லன், எனக்குத் தெரிந்தால் எண்ணிக்கை எப்படிக் கெடும் என்ற வாதம்கூட நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தால் என் முகம் விரிவுரையாளருக்குத் தெரியும். மாலையில் தாழ்வாரத்தில் எதிர்ப்படுவோம்.

"வேணாம்" என்றேன். "கேசரியை மட்டும் வச்சுக்கிறேன்."

அதன்பிறகு கதவை இடுக்கில்லாமல் சாத்திவிட்டேன்.

குறியீடு உடைத்த நாள் பிற்பகலில் மழை. ஹந்தானை மலை முழுவதும் மூடிக்கிடந்தது. எண்ணும் அறைக்கு என்னை முதன்முறையாக அழைத்தார்கள். உத்தியோகத்தர் குறியீட்டையும் எலியையும் ஒவ்வொன்றாக வாசிக்க, விரிவுரையாளர் கணினியில் பதிந்தார். எந்தக் குரலிலும் எந்த உணர்ச்சியும் இல்லை. கடைசியில் திரையில் மூன்று கூட்டமாகப் புள்ளிகள் விழுந்தன. பயம் அறியாத எலிகள், பயத்தில் வாழ்ந்தவை, பயத்துக்குப் பின் அமைதியில் விடப்பட்டவை.

முதல் கூட்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே தெளிவான பள்ளம் இருந்தது. மூன்றாவது கூட்டம் இரண்டாவதைவிடச் சற்று மேலே நின்றது. ஆனால் அதன் புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறி, பாதிக்கு மேல் இரண்டாவதோடு கலந்து கிடந்தன.

வெற்றியின் சாயலை விரிவுரையாளர் முகத்தில் தேடினேன், இல்லை.

"இறங்கினது உண்மை, சேர். அதில மெடம் சொன்னது முழுக்கச் சரி" என்றார். "திரும்பி ஏறினது... இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவு எலியை வச்சு ஒண்டும் சொல்லேலாது."

"ஐயா எண்ணினப்ப நல்லா ஏறிச்சே" என்றார் உத்தியோகத்தர்.

அவர் கையிலிருந்த தாளை மடித்தார், விரித்தார்.

முதல் எண்ணிக்கை நடந்த மாதங்களில் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையில் வார்டுக்குப் போய்விட்டு வந்து நான் நுணுக்குக்காட்டியின் முன் உட்காருவேன். நான் சாப்பிடவில்லை என்பது தெரிந்து, உத்தியோகத்தர் பாணும் தேநீரும் கொண்டுவந்து தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விலக்கைப் பற்றி எங்கள் இருவருக்கும் அப்போது நினைவு வரவில்லை.

"அப்ப நான் டீ கொண்டாந்து பக்கத்துல உக்காந்தேனே, மிஸ்" என்றார் அவர். "அதனாலயா ஏறிச்சு?"

விரிவுரையாளர் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார்.

"தேத்தண்ணியால மூளையில கலம் கூடுமெண்டா, அண்ணை, ஹந்தானையில ஒருத்தருக்கும் கவலையே இருக்காது" என்றார். "எலி காணாது. அவ்வளவுதான். சேர் எண்ணினதும் களவில்லை, நான் எண்ணினதும் களவில்லை."

அவர் சொன்னது புள்ளியியலின்படி சரியாக இருக்கலாம். வேறு சீவல்கள், சிறிய தொகை. இத்தகைய வேறுபாடு வரக்கூடியதே. எனக்குத் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும், எதுவாவது ஒன்று மீள வேண்டும் என்று விரும்பிக்கொண்டிருந்தோம்.

அன்று யாரும் தேநீர் போடவில்லை. குறியீடு உடைத்த நாளில் தேநீர் போடுகிறவள் அவள் என்பதால், மூவரும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மழை விட்டதும் கலைந்தோம். பஸ்ஸில் கெட்டம்பே தாண்டும்போதுதான், தேநீர் இல்லாமலே கலைந்தோம் என்பது எனக்கு உறைத்தது.

திருத்தத்தை நான் எழுதினேன். தலைப்பிலிருந்து 'மீட்சி'யை எடுத்தேன். வலப்பாதியில் நான் அளந்த, புதிய கலங்களுக்கான ஆர்.என்.ஏ. கட்டளை உயர்ந்திருந்தது உண்மைதான்; ஆனால் கட்டளை போனது என்பதற்காக வேலை நடந்தது என்று ஆகாது என்பதையும் சேர்த்தேன். இரண்டு எண்ணிக்கைகளையும், ஒன்றையும் மறைக்காமல், அருகருகே வைத்தேன். அவளுக்குப் பிடித்த முடிவு இருந்த இடத்தில், இந்தத் தரவுகளைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது என்ற வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடித்தது. எழுதி முடித்தபின் அது அவள் எழுதிய வாக்கியம் போலவே இருந்தது. அவளுடைய பழைய கட்டுரைகளில் அத்தகைய வாக்கியங்கள் நிறைய உண்டு.

அனுப்பும் நாளில் விரிவுரையாளரை அழைத்து வாசிக்கக் கொடுத்தேன். அவர் அந்த வாக்கியத்தில் நின்றார்; மேலே போய்த் தலைப்பைப் பார்த்தார்; மறுபடி கீழே வந்தார்.

"எழுதிப்போட்டியள்" என்றார்.

"உங்க பேரைச் சேர்க்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். மெடம் முதல்ல எழுதினது மாதிரி. எண்ணி முடியும்வரை நீங்க இதுல இல்லைங்கிறதையும் சஞ்சிகைக்கு எழுதிடுறேன்."

அவர் எழுந்து வெளியே போனார். அவரை இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் மின்கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. பின்னால் உத்தியோகத்தர் மூன்று கோப்பைகளோடு வர, இவர் தட்டில் கருப்பட்டியோடு வந்தார். முன்பே வாங்கி வைத்திருந்திருக்க வேண்டும்.

"இப்ப என்ர பேரைப் போடலாம், சேர்" என்றார். "மெடத்துக்குப் பக்கத்தில வேண்டாம். உங்களுக்குப் பிறகு போடுங்கோ."

பெயரைச் சேர்த்தேன். கோப்புகளை ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் சஞ்சிகை ஒரு கேள்வி கேட்டது. கட்டுரையாளர்களில் எவரேனும் காலமாகிவிட்டாரா? ஆம் எனில் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிடவும். அச்சில் அந்தப் பெயரின் அருகே சிறு குறியொன்று வரும்.

அவளுடைய பெயருக்கு எதிரே வெற்றுக் கட்டம். என் கை சுட்டியின்மேல் இருந்தது. விரிவுரையாளர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடின.

"ஐயா" என்றார் உத்தியோகத்தர், "டீ ஆறுதுங்க."

குறியிட்டேன். அனுப்பினேன். கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். இன்னும் சூடு இருந்தது.